இரத்தத்தில் ஓர் அமிலம்: குற்றவாளியா, சாட்சியா?

(பேராக் தோட்டக் கிளைகளின் பொறுப்பாளர்களுக்காக ஈப்போவில் நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும், வீட்டைப் பற்றியும், போனஸைப் பற்றியும் பேசிப் பழகிய நம்மை, இன்று இரத்தக் குழாயைப் பற்றிப் பேசும்படி தலைவர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். நாம் டாக்டர் அல்ல. தமிழ்ப் பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவர்கள். ஆயினும் இந்தப் பொருளைக் கற்றுக்கொள்ளவேண்டிய அவசியம் நமக்கு ஏற்பட்டது. அது எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு சம்பள நாளில், ஐம்பதைத் தாண்டிய பால் வெட்டுத் தோழர் ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் இரத்தப் பரிசோதனைக் காகிதம். "கிராணியாரே, இதிலே நட்சத்திரம் போட்ட இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார். 'ஹோமோசிஸ்டீன் 17' என்று இருந்தது. எழுத்தைப் படித்தோம், பொருள் விளங்கவில்லை. பரிசோதனை செய்தவர்களே மாத்திரையும் விற்றிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 280 வெள்ளி, தவணை முறையில். "இது இரத்தக் குழாயையே கழுவிவிடுமாம். இனி அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்" என்றார். "நல்லது அண்ணே" என்று சொல்லி அனுப்பினோம். வேறு என்ன சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.

ஐந்து மாதம் கழித்து, விடியற்காலையில் நிரையிலேயே அவர் விழுந்தார். உயிர் பிழைத்தது. ஆனால் வலது கை பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பதில்லை. அந்த 'நல்லது' என்ற ஒரு சொல் இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. தெரியாமல் சொன்ன சொல்லுக்குப் பரிகாரம், தெரிந்துகொண்டு சொல்வதுதான். ஆகவே படித்தோம், கேட்டோம். அறிந்ததை உங்கள்முன் வைக்கிறோம்.

தோழர்களே! ஹோமோசிஸ்டீன் என்பது என்ன? அது ஓர் அமினோ அமிலம். நாம் உண்ணும் மீன், முட்டை, இறைச்சி, பால், பருப்பு ஆகியவற்றில் புரதம் இருக்கிறது. புரதம் செரிக்கும்போது பல அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று மெத்தியோனீன். உடம்பு மெத்தியோனீனைப் பயன்படுத்திய பின் மிஞ்சும் இடைப்பொருளே ஹோமோசிஸ்டீன். அது எல்லோருடைய இரத்தத்திலும் உண்டு. விஷமென்று எண்ணி அஞ்சவேண்டியதில்லை. ஒரு லிட்டர் இரத்த நீரில் 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருப்பது சாதாரணம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

நம் ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பால் வந்து தொட்டியில் விழுகிறது. அது அங்கேயே நிற்கக்கூடாது. ஒன்று, ஷீட்டாக வேண்டும். அல்லது லாரியில் ஏறிப் போகவேண்டும். இரண்டு வாசலிலும் ஆள் இல்லாவிட்டால் தொட்டி நிரம்பும். ஹோமோசிஸ்டீனுக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. ஒரு வாசலில் அது மீண்டும் மெத்தியோனீனாக மாறுகிறது. அங்கே வேலை செய்யும் ஆட்கள் போலிக் அமிலமும் பி-12 என்ற வைட்டமினும். மற்ற வாசலில் அது சிஸ்டீன் என்ற வேறொரு பொருளாகிறது. அங்கே வேலையாள் பி-6 வைட்டமின். இந்த ஆட்கள் குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் தேங்குகிறது. சிறுநீரகம் கெட்டாலும், தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும், புகை பிடித்தாலும், வயது ஏறினாலும் அது கூடுகிறது.

இந்தப் பொருளை 1932-ல் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ கண்டறிந்தார். அவருக்கு 1955-ல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இரத்தக் குழாய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

1962-ல் வட அயர்லாந்தில், மூளை வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளின் சிறுநீரில் இந்தப் பொருள் ஏராளமாக வெளியேறுவதைக் கண்டார்கள். பிறவியிலேயே வாசல் அடைபட்ட குழந்தைகள் அவர்கள். இரத்தத்தில் அளவு 100-க்கும் மேலே போகும். கண்ணின் வில்லை இடம் பெயரும். இளமையிலேயே இரத்தம் குழாய்க்குள் உறைந்து உயிர் போகும். மிக அபூர்வமான நோய்.

பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர் கில்மர் மெக்கல்லி, இத்தகைய நோயால் மாண்ட குழந்தைகளின் உடற்கூற்றை ஆராய்ந்தார். ஒரு சிறுவன் எட்டு வயதில் 1933-ல் மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இறந்தவன். இன்னொன்று இரண்டு மாதக் குழந்தை. இருவருக்கும் கெட்டுப்போன வாசல் வேறு வேறு. ஆனால் இருவரின் இரத்தத்திலும் ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தது. இருவரின் இரத்தக் குழாய்களும் கிழவர்களின் குழாய்களைப் போல் தடித்துக் கிடந்தன. அப்படியானால் குழாயைக் கெடுப்பது இந்த அமிலமே என்று அவர் 1969-ல் எழுதினார். கொழுப்பு ஒன்றே காரணமென்று உலகம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொல் எடுபடவில்லை. வேலை பார்த்த இடத்தையும் அவர் இழக்க நேர்ந்தது.

ஆனால் பின்னால் சோதனைகள் வந்தன. இந்த அமிலம் மிகும்போது குழாயின் உட்புறத் தோல் புண்படுகிறது, குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை குறைகிறது, இரத்தம் உறையும் போக்குக் கூடுகிறது என்று ஆய்வுக்கூடங்களில் கண்டார்கள். 1992-ல் அமெரிக்க டாக்டர்கள் ஏறக்குறைய 15,000 பேரைக் கவனித்துவந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 3 மடங்கு என்றது அது. 2002-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது வேகம் தணிந்தது. இந்த அளவு கால்பங்கு குறைவாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 11 சதவிகிதமும், பக்கவாத அபாயம் 19 சதவிகிதமும் குறைவு என்றார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது, தோழர்களே! களவு நடந்த வீட்டருகே ஒருவன் நின்றான் என்பதாலேயே அவன் திருடனாகிவிடுவானா? அவன் சாட்சியாகவும் இருக்கலாம் அல்லவா? புகை பிடிப்பவனுக்கு இந்த அமிலமும் கூடுகிறது, குழாயும் கெடுகிறது. சிறுநீரகம் கெட்டவனுக்கும் அப்படியே. ஆக, அமிலம் குழாயைக் கெடுத்ததா, அல்லது இரண்டையும் கெடுத்தது வேறொன்றா?

இதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. அமிலத்தைக் குறைத்துப் பார்க்கவேண்டும். குறைக்கும் மருந்தோ மிக மலிவானது: போலிக் அமிலம், பி-12, பி-6. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின், மறு பிரிவுக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள்.

2006-ல் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஒன்று 5,522 பேரிடம் செய்தது. மற்றது நார்வே நாட்டில், மாரடைப்பு வந்து பிழைத்த 3,749 பேரிடம் செய்தது. அமிலம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை! 2010-ல் எட்டுச் சோதனைகளைச் சேர்த்து 37,485 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். அமிலம் கால்பங்கு குறைந்திருந்தது. மாரடைப்பில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

மெட்ரோலாக் கருவி குறைவாகக் காட்டினால், கருவியின் கோட்டை அழித்து மேலே எழுதினால் பாலில் ரப்பர் கூடிவிடுமா? கூடாது. எண்ணைத் திருத்துவது வேறு, மரத்தைத் திருத்துவது வேறு. பிறவி நோயுள்ள அந்த அபூர்வக் குழந்தைகளுக்கு, அமிலத்தைக் குறைக்கும் வைத்தியம் உயிரைக் காக்கிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் 15-க்குச் சற்று மேலே நிற்கும் நம்மைப்போன்றவர்களுக்கு, மாரடைப்பைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் சாட்சியே தவிர முதல் குற்றவாளி அல்ல.

பக்கவாதத்தின் கதை சற்று வேறு. அதையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். சீனாவில், இரத்தக் கொதிப்புள்ள 20,702 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. இரத்தக் கொதிப்பு மாத்திரை மட்டும் உண்டவர்களில் ஆயிரத்துக்கு 34 பேருக்குப் பக்கவாதம் வந்தது. அதே மாத்திரையோடு போலிக் அமிலமும் உண்டவர்களில் ஆயிரத்துக்கு 27 பேருக்கு வந்தது. கீரையும் காயும் போதாமல் போலிக் அமிலம் குறைந்த மக்களுக்கே இந்தப் பலன் தெளிவாகத் தெரிகிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே இரண்டு பிரிவினரும் இரத்தக் கொதிப்பு மாத்திரையை உண்டார்கள்! ஒருவரையும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. நம் தோழரிடம் மாத்திரை விற்றவர்கள் இதைச் சொல்லவில்லை.

இனி, நம் இனத்தாருக்கு வருவோம். நம்மவருக்கு மாரடைப்பு அதிகம் என்பது புதிய செய்தி அல்ல. 1959-ல் டாக்டர் டி. ஜே. தனராஜ் அவர்களும் அவரோடு சேர்ந்தவர்களும், சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, இந்தியருக்கு இருதயக் குழாய் நோய் சீனரைக் காட்டிலும் பல மடங்கு அதிகம் என்று எழுதினார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறைக்கு முதல் தலைவராக இருந்து அதைக் கட்டி எழுப்பிய பெருமகன் அவர்தான்.

அப்படியானால் நம்மவரின் மாரடைப்புக்கு ஹோமோசிஸ்டீன்தான் காரணமா? இதையும் சிங்கப்பூரில் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். இந்தியருக்குப் பி-12 குறைவாக இருந்தது. ஆனால் ஹோமோசிஸ்டீன் அளவில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. நம் மாரடைப்புக் கணக்கை இதன் தலையில் எழுத முடியாது என்பதே அதன் முடிவு. 2001-ல் இந்தியாவின் புனே நகரில் ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்கு இந்த அளவு கூடுதலாகவே இருந்தது. காரணம் பி-12 குறைவு. அங்கே மரக்கறி உண்பவர் பலர்.

நம் கணக்கை எங்கே எழுதவேண்டும்? நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது: வயது வந்தோரில் 18.3 சதவிகிதம் பேருக்கு இனிப்பு நீர். இந்தியரில் மட்டும் 31.4 சதவிகிதம். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகை ஆகியவற்றையும் இதோடு சேருங்கள். இவையே முதல் குற்றவாளிகள். இவற்றைப் பிடிப்பதற்கு 280 வெள்ளி வேண்டாம். கையில் கட்டும் பட்டையும் ஒரு சொட்டு இரத்தமும் போதும்.

இங்கே போலிக் அமிலம் பிறந்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது தொழிலாளரின் கதை. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்த ஆண்டும் அதுவே. ஆலைத் தொழிலாளரான பெண்கள் கர்ப்ப காலத்தில் இரத்தம் வற்றி மாண்டுகொண்டிருந்தார்கள். கிருமி தேடினார், இல்லை. அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று பார்த்தார். ஏழ்மை தெரிந்தது. நீலகிரியில் குன்னூரிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். முடிவில், மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைக் காப்பாற்றுவதைக் கண்டு 1931-ல் எழுதினார். நம் மளிகைக் கடைகளில் கறுப்புப் போத்தலில் இன்றும் விற்கும் அதே மார்மைட்தான். அதிலிருந்த சத்தை 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஆலைப் பெண்களின் வெளுத்த முகத்திலிருந்து உலகம் கற்ற பாடம் அது. கூலி குறைந்தால் தட்டில் கீரை குறையும். தட்டில் குறைந்தால் இரத்தத்தில் குறையும்.

நம் பேராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. ஆனால் சுங்கை சிப்புட்டிலும், பீடோரிலும், தெலுக் இந்தானிலும் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை, நாலு பாத்தி கீரை, பத்துக் கோழி இருந்தன. அடுக்குமாடி வீட்டில் அவற்றுக்கு இடமேது? காலையில் இனிப்புத் தேத்தண்ணீரும் ரொட்டிச் சானாயும், மாலையில் பாக்கெட் மீ. உடம்பு வேலை குறைந்தது. இடுப்புச் சுற்றளவு கூடியது. இது தனி மனிதரின் குற்றம் மட்டும் அல்ல. இடம் பெயர்க்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் கதை.

ஆகவே செய்யவேண்டியது என்ன?

முதலாவது, கீரை. முருங்கைக்கீரை, பசலை, கங்கோங், தட்டைப்பயறு, பருப்பு, கடலை இவற்றில் போலிக் அமிலம் உண்டு. நீண்ட நேரம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் கொட்டிப்போகும். சற்றே வதக்கி உண்ணுங்கள்.

இரண்டாவது, பி-12. இது செடியில் கிடைக்காது. மீன், முட்டை, பால், இறைச்சி இவற்றில்தான் கிடைக்கும். ஒரு துண்டு கெம்போங் மீனும் ஒரு முட்டையும் போதும். புரட்டாசி மாதம் மரக்கறி உண்பதால் கெடுதலில்லை. ஈரலில் உள்ள சேமிப்புப் பல ஆண்டு வரும். ஆண்டு முழுவதும் பாலும் முட்டையும் இன்றி மரக்கறி உண்போரே கவனிக்கவேண்டும். இனிப்பு நீருக்கு நெடுங்காலம் மெட்போர்மின் மாத்திரை உண்பவருக்கும் பி-12 குறையக்கூடும். கால் மரத்துப்போனால் டாக்டரிடம் கேளுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி-12 குறைந்திருப்பவர் போலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால், இரத்தசோகை மறைந்து, நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகலாம். இதனால்தான் மாத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது என்கிறோம்.

மூன்றாவது, புகையும் சம்சுவும். இவை இரண்டும் இந்த அமிலத்தைக் கூட்டும், குழாயையும் இருதயத்தையும் கெடுக்கும். நட்டம் இரட்டை.

நான்காவது, பரிசோதனை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி. 40 வயது நிறைந்த சந்தாதாரர்களுக்குச் சொக்சோ 2013-ல் இலவசப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. வருமானம் குறைந்தவர்களுக்குப் பெக்கா பி-40 திட்டம் 2019-ல் வந்தது. நம்மில் எத்தனை பேர் போனோம்? கை தூக்குங்கள் என்று கேட்டால் தூக்கும் கைகள் சிலவே. காரணம் சோம்பல் மட்டுமா? ஒரு நாள் கிளினிக்கில் உட்கார்ந்தால் ஒரு நாள் பால் போகிறது, சம்பளம் போகிறது.

இங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது, தோழர்களே! ஆண்டுக்கு ஒருமுறையாவது சம்பளப் பிடித்தமின்றிப் பரிசோதனைக்குப் போகும் உரிமையைக் கேட்போம். ஒவ்வொரு டிவிஷனிலும் இரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி ஒன்று வேண்டுமென்று கேட்போம். நிர்வாகம் தரும்வரை கிளை நிதியிலேயே ஒன்று வாங்கி வைப்போம். வாசிக்கத் தெரிந்த கிராணிமார்களுக்கும் ஒரு கடமை உண்டு. தோழர் ஒருவர் காகிதத்தை நீட்டினால், எண்ணைப் படிப்பதோடு நில்லாதீர்கள். "கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா அண்ணே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.

அந்தத் தோழர் இன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இடது கையால் சோறு உண்ணப் பழகிக்கொண்டிருக்கிறார். இந்தக் கூட்டத்துக்கு வருமுன் அவரைப் பார்த்தோம். "என் பெயரைச் சொல்லவேண்டாம், ஆனால் விஷயத்தைச் சொல்லுங்கள்" என்றார். சொல்லிவிட்டோம். இனி வீடு வீடாகச் சொல்லவேண்டியது உங்கள் பொறுப்பு.